பழம்பணி போற்றிய பெருந்தகை: கலாயோகி ஆனந்த குமாரசுவாமி

ஈழத்திருநாடு உலகுக்கு ஈந்த அறிஞர் வரிசையில் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி அவர்களின் திருநாமம் முன்னணியில் வைத்து எண்ணப்படுவது. ஆடவல்லானின் திருக்கூத்துக்கு மேனாட்டார் வியக்கும் வண்ணம் விளக்கங் கூறியவர் என்ற அளவிலே அவரை நம்மவர் நன்கறிவர். ஆயினும், அவரது கலைவாழ்வு தொடங்கியது கூத்தப்பிரானின் திருமேனியை நோக்கியன்று. மழையில் நனைந்து கரைந்து கொண்டிருந்த கண்டி நாட்டு மண்சுவர்களையும், மரத்தூண்களையும், ஓட்டுக் கூரைகளையும் நோக்கியே தொடங்கியது. பழைய கட்டடம் யாது, அதனை ஏன் காத்தல் வேண்டும், எவ்வாறு காத்தல் வேண்டும் என்னும் மூன்று வினாக்களை நம் நாட்டிலே முதன்முதல் ஆழ்ந்து எழுப்பியவர்களுள் அவர் ஒருவர். அப்பெரியாரின் வாழ்க்கையை அந்நோக்கிலே சுருங்க எடுத்துக் கூறுதல், கல்லூரியொன்று தன் கடந்த காலத்தை நினைவுகூரும் யூபிலி மலருக்கு ஏற்புடைத்தாகும் எனக் கருதுகின்றோம்.

பிறப்பும் குலமும்

ஆனந்தர் 1877 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 22 ஆம் நாள் கொழும்பிலே கொள்ளுப்பிட்டியிற் பிறந்தார். தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி அவர்கள். 1863 ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரிற் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர். சட்டநிரூபண சபையில் வீற்றிருந்தவர். 1874 இல் விக்ரோறியா மகாராணியாராற் சேர் பட்டம் சூட்டப்பெற்றவர். அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கிய பெருமையும் பௌத்த நூல்களை மொழிபெயர்த்த பெருமையும் ஒருங்கே உடையவர். தாயார் இங்கிலாந்திற் கென்ற் மாகாணத்தவரான எலிசபெத் கிளே பீபி அம்மையார். அம்மாகாணத்தின் பெயரே மைந்தரின் பெயர் நடுவிற் கென்றிஷ் என அமைந்தது. சேர் பொன்னம்பலம் இராமநாதன், சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆகிய இருவரும் முத்துக்குமாரசுவாமியாரின் தமக்கையார் மக்கள்; எனவே ஆனந்தருக்கு அத்தை மக்கள் ஆவர்.

தந்தையின் நிழல் மைந்தருக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. 1879 ஆம் ஆண்டு, இங்கிலாந்திலிருந்த மனைவியையும் மகவையும் சேரும் பொருட்டுக் கப்பலேறப் புறப்படவிருந்த நாளிலேயே முத்துக்குமாரசுவாமியார் காலமானார். இரண்டு வயதும் நிரம்பாத குழந்தை தாயாரின் அரவணைப்பில் இங்கிலாந்திலேயே வளர்ந்தது. குளொஸ்ரர் மாகாணத்தில் உள்ள வைக்கிளிவ் கல்லூரியில் ஆரம்பக் கல்வியும், இலண்டன் யூனிவேசிற்றிக் கல்லூரியில் உயர்கல்வியும் பெற்ற ஆனந்தர், 1900 ஆம் ஆண்டிலே புவிச்சரிதவியலிலும் தாவரவியலிலும் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். தமிழ் மண்ணின் பிள்ளை, ஆங்கில நாட்டின் கல்வி, பாறைகளைப் பயிலும் தொழில் என்னும் இம்மூன்றும் கலந்தே பின்னாளிற் கலைஞானி ஒருவரை உருவாக்கின.

காலத்தின் படிப்பினை

ஆனந்தர் பிறந்த அதே 1877 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வில்லியம் மொறிஸ் என்னும் கவிஞரும் கைவினைஞருமான பெரியார், பழைய கட்டடங்களைக் காத்தற்கென ஒரு சங்கத்தை நிறுவினார். அக்காலத்திலே அந்நாட்டுத் தேவாலயங்களைப் புதுப்பிக்கின்றோம் என்ற பெயரில், பிற்காலத்துக் கட்டுவேலைகளை எல்லாம் இடித்துத் தள்ளி, முற்காலத்தில் இருந்ததாகத் தாம் எண்ணிக்கொண்ட வடிவத்தைப் புதிதாகச் செய்து வைத்தல் வழக்கமாயிருந்தது. இதனால் உண்மையான பழமை அழிந்து, போலிப் பழமை எழுந்தது. மொறிஸின் கொள்கை இதற்கு நேர்மாறானது. கூரை ஒழுகாமற் பார்த்தல், சாய்ந்த சுவருக்கு முட்டுக் கொடுத்தல், உடைந்த இடத்தை உள்ளபடி ஒட்டுதல் ஆகிய அன்றாடப் பராமரிப்பே போதுமானது. இல்லாததை இருந்ததாகச் செய்து காட்டுதல் வரலாற்றைப் பொய்ப்பதாகும் என்பதே அவர் கொள்கையின் சாரம். இவருக்கு வழிகாட்டியாயிருந்தவர் யோன் ரஸ்கின். இவ்விருவர் கருத்துக்களும் இளைஞர் ஆனந்தரின் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. அவை விளைநிலம் தேடிய இடம் இலங்கை.

பாறை தேடி வந்தவர்

1903 ஆம் ஆண்டிலே இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக ஆனந்தர் நியமனம் பெற்றார். 1906 ஆம் ஆண்டு வரை அப்பதவி வகித்தார். தோரியனைற் என்னும் புதிய கனிப்பொருளைக் கண்டறிந்ததும், இலங்கைப் பாறைகள் பற்றிய ஆராய்ச்சிக்காக இலண்டன் சர்வகலாசாலையின் விஞ்ஞான கலாநிதிப் பட்டத்தைப் பெற்றதும் இக்காலத்தனவே. அவர் அத்துறையிலேயே நிலைத்திருப்பின் சிறந்த விஞ்ஞானியாக மாத்திரம் பெயர் பெற்றிருப்பார்.

ஆனால், பாறை தேடிச் செல்பவர் பாதை விட்டுக் காட்டுக்குள்ளும் மேட்டுக்குள்ளும் நுழைய வேண்டியவர். கண்டி நாட்டுக் குக்கிராமங்கள் ஊடாக ஆனந்தரும் அவர் துணைவியார் எதெல் அம்மையாரும் பிரயாணஞ் செய்தனர். கற்களைக் காணச் சென்ற கண்கள், கற்களின் மேல் எழுந்த விகாரைகளையும் தேவாலயங்களையும் கண்டன. குகைக் கோயிற் சுவர்களிற் சாதகக் கதைகள் தீட்டப்பட்ட தெகல்தொறுவை, மரத்தூண்களிற் சிற்பம் மலிந்த எம்பக்கைத் தேவாலயம், குன்றின் மேலமர்ந்த இலங்காதிலகம் முதலியன அப்பிரதேசத்தின் அணிகலன்கள். இவற்றுள் 1344 ஆம் ஆண்டினதாகிய கடலாதெனியா விகாரை, கணேசுவராசாரி என்னும் தென்னாட்டுச் சிற்பாசாரியின் தலைமையிற் கல்லாற் கட்டப்பெற்றது. அதே காலத்து இலங்காதிலகத்திலே சிங்களத்திலும் தமிழிலும் பாறைச் சாசனங்கள் பொறிக்கப்பட்டிருத்தல் இன்றுங் காணத்தக்கது. இரு மொழியினரின் கைகளும் ஒரு சுவரிலே படிந்த சான்றுகள் இவை.

கண்ட அழிவும் அதன் காரணமும்

ஆனந்தர் கண்டது அழகை மாத்திரமன்று, அழிவையும் கண்டார். படிப்படியாகச் சரிந்திறங்கும் கண்டிக் கூரையின் தட்டையோடுகள் இருந்த இடத்தில் இறக்குமதியான நெளிதகரம் ஏறியிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டிலே கீர்த்தி ஸ்ரீ இராசசிங்க மன்னனின் ஆதரவில் எழுந்த சுவரோவியங்கள், பக்தியுள்ள உபயகாரர்களின் செலவிலேயே சுரண்டப்பட்டு, கடையில் வாங்கிய வர்ணங்களாற் புதிதாகத் தீட்டப்பட்டன. அழித்தவர் பகைவரல்லர், கோயிலை நேசித்தவர்களே. அழிவிலே கொடியது இதுதான் என்பதை ஆனந்தர் உணர்ந்தார். பகைவன் இடித்தாற் சிதைவாவது எஞ்சும்; அன்பன் புதுப்பித்தால் அதுவும் எஞ்சாது.

காரணத்தையும் அவர் தேடினார். புவிச்சரிதவியல் பயின்றவர் மேற்பரப்பைக் கண்டு அமையார். அடியிலுள்ள படைகளைத் தோண்டிப் பார்ப்பார். கண்டி அரசிலே தச்சன், கொல்லன், தட்டான், சித்திரகாரன் முதலியோர் அரசனுக்கோ கோயிலுக்கோ செய்யும் ஊழியத்துக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தனர். பஞ்சமோ வணிகனின் பேரமோ அவர்கள் கையை அவசரப்படுத்தவில்லை. 1815 இல் அரசு வீழ்ந்தது. ஆதரித்த அரண்மனை இல்லாதொழிந்தது. 1832 இல் இராசகாரிய முறை நீக்கப்பட்டது. 1870 ஆம் ஆண்டுச் சட்டம் கோயில் ஊழியத்தையும் பணமாக மாற்றிச் செலுத்த வழி செய்தது. பழைய ஊழியத்தின் பாரம் குடிகளை விட்டு நீங்கியது உண்மையே. ஆயின் அதனோடு கைவினைஞனின் வாழ்வாதாரமும் நீங்கிற்று. மகன் தந்தையின் உளியைத் தொடாது வேறு தொழில் நாடினான். கைவினைஞன் மறைந்த ஊரிலே பழைய கட்டடம் பழுதுபட்டால், அதனைப் பழுதுபார்க்கத் தகரமும் கடைவர்ணமும் அன்றி வேறு யாது கிடைக்கும்?

1905 ஆம் ஆண்டுக் கடிதம்

இவ்வுண்மையை உள்ளத்தே கொண்டு, 1905 ஆம் ஆண்டிலே கண்டிப் பிரதானிகளுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் வரைந்தார் ஆனந்தர். இருபத்தெட்டு வயதும் நிரம்பாத ஓர் அரசாங்க உத்தியோகத்தர், தம் கடமைக்குப் புறம்பான ஒரு பொருள் பற்றி, நாட்டின் பெருங்குடித் தலைவர்களை நோக்கி எழுதிய கடிதம் அது. முன்னோர் விட்டுச் சென்ற கட்டடக் கலையும் கைவினைகளும் அவர்கள் கண்ணெதிரே அழிந்து கொண்டிருப்பதை எடுத்துரைத்து, அவற்றைக் காக்கும் பொறுப்பு முதற்கண் அவர்களையே சாரும் என அறிவுறுத்தினார்.

அக்கடிதத்தின் அருமையை உணர வேண்டுமாயின் அக்கால நிலையை அறிதல் வேண்டும். இலங்கையிலே தொல்பொருட் பகுதி 1890 ஆம் ஆண்டிலேயே எச். சி. பி. பெல் அவர்களின் தலைமையிற் செயற்படத் தொடங்கிவிட்டது. ஆயின் அதன் உழைப்புப் பெரும்பாலும் அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா என்னும் காடு மூடிய பெருநகரங்களிற் செலவாயிற்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட இடிபாடே பழம்பொருள் என்றும், நேற்று வரை விளக்கெரிந்த விகாரை பழம்பொருள் அன்று என்றும் பலர் எண்ணினர். ஆனந்தர் இவ்வெல்லையை அகற்றினார். மக்கள் வழிபட்டு வாழும் கட்டடமும், பிரபுவின் வீடும், அவ்வீட்டின் கதவுத் தாழும், குடியானவனின் பாயும் ஒரே மரபின் உறுப்புக்கள் என்றும், காக்கப்பட வேண்டியவை என்றும் அவர் கண்டார். எது மரபுச் செல்வம் என இனங்காணுதலே பாதுகாப்பின் முதற்படி. இனங்காணப்படாத பொருள் எவரும் அறியாமலே அழியும்.

மறு ஆண்டு, 1906 இல், இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. ஆனந்தர் அதன் தலைவரானார். அச்சங்கத்தின் சார்பில் வெளிவந்த பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பிலும் பங்கு கொண்டார். தாய்மொழிக் கல்வி, நாட்டு உடை, கைவினை வளர்ச்சி, இலங்கைக்கென ஒரு சர்வகலாசாலை ஆகியவற்றை அச்சங்கத்தார் வற்புறுத்தினர். கட்டடத்தைக் காத்தல் தனித்தவொரு பணியன்று, ஒரு நாட்டு மக்கள் தம்மைத் தாமே மதிக்கக் கற்றலின் ஒரு கூறு என்பதை இச்சேர்க்கை காட்டுகின்றது.

ஒரு நூலும் ஒரு சிற்றாலயமும்

உத்தியோகத்தை விட்டு 1907 ஆம் ஆண்டில் இங்கிலாந்து மீண்ட ஆனந்தர், தாம் திரட்டியவற்றை நூலாக்க முனைந்தார். அவர் வாழ்ந்த இல்லமே அவர் கொள்கைக்கு ஓர் எடுத்துக்காட்டு. குளொஸ்ரர் மாகாணத்துப் புறோட் கம்ப்டன் என்னும் சிற்றூரிலே பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த நோர்மன் சிற்றாலயம் ஒன்று பாழடைந்து கிடந்தது. மொறிஸின் வழிவந்த சி. ஆர். அஷ்பீ என்னும் கட்டடக் கலைஞர் அதனைச் செப்பனிட்டு, ஆனந்தர் குடியிருத்தற்கேற்ற இல்லமாக்கினார். பாழுக்கு உயிர் கொடுக்கும் வழி அதனைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டுதலன்று. தக்க முறையிற் செப்பனிட்டு வாழ்தலே என்பதனை ஆனந்தர் தம் வீட்டு வாயிலிலேயே கண்டார். அதே அஷ்பீ முதல் உலகப் போரின் பின் எருசலேம் நகரிலே பழங்கட்டடங்களைக் காக்கும் பணியில் ஈடுபட்டார் என்பதும் ஈண்டு அறியத்தக்கது.

அவ்வூரிலே 1907 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் அச்சேறத் தொடங்கி 1908 ஆம் ஆண்டு டிசெம்பரில் முற்றுப்பெற்றது இடைக்காலச் சிங்களக் கலை என்னும் பெருநூல். வில்லியம் மொறிஸ் தம் புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட அதே கை அச்சியந்திரத்தில், 425 பிரதிகள் மாத்திரம், ஆனந்தரின் நேர்முக மேற்பார்வையிற் பதிக்கப்பெற்றன. நூலிற் காணும் நிழற்படங்களிற் பல எதெல் அம்மையார் எடுத்தவை. அம்மையார் பின்னாளில் எதெல் மைரே என்னும் பெயரொடு இங்கிலாந்தின் தலைசிறந்த கைத்தறி நெசவாளராக விளங்கினார்.

இந்நூலின் ஆய்வுமுறை இன்றும் பயிலத்தக்கது. கட்டடத்தை அளந்து வரைந்து படம் பிடித்ததோடு அவர் அமையவில்லை. கட்டியவன் யார், அவன் குலமுறை யாது, அவனுக்குக் கூலி எவ்வாறு கிடைத்தது, உளிக்கும் தூரிகைக்கும் அவன் வழங்கும் பெயர் யாது, எந்தச் சாத்திர நூலை அவன் மனனஞ் செய்தான் என்பவற்றையெல்லாம் கைவினைஞர் வாயிலாகவே கேட்டறிந்து எழுதினார். பிரதிமைகளின் அளவு கூறும் சாரிபுத்திரம் முதலிய சிற்ப நூல்களையும், திருவுருவத்துக்குக் கண் திறக்கும் நேத்திர மங்கலச் சடங்கையும் விரிவாகப் பதிவு செய்தார். நம் ஆலயங்களில் நிகழும் நயனோன்மீலனத்தை அறிந்த எவருக்கும் அச்சடங்கின் உறவு புலனாகும். கட்டடத்தின் கல்லும் மரமும் உடல். அதனை ஆக்கிய அறிவே உயிர். உயிரையும் சேர்த்துப் பதிவு செய்யாத ஆய்வு குறையுடைத்து என்பதே இந்நூல் உணர்த்தும் நெறி.

பொலன்னறுவைத் திருமேனிகள்

சிங்களக் கலையை ஆராய்ந்த ஆனந்தர் சைவ மரபை மறந்தாரல்லர். 1907, 1908 ஆம் ஆண்டுகளிலே பொலன்னறுவைச் சிவாலயங்களை அகழ்ந்தபோது நடராசர், பார்வதி, நாயன்மார் ஆகியோரின் வெண்கலத் திருமேனிகள் மண்ணுள்ளிருந்து வெளிப்பட்டன. அவற்றைப் பற்றி அருணாசலம் அவர்கள் எழுதியதைத் தொடர்ந்து, இலங்கை வெண்கலங்களைப் பற்றி ஆனந்தர் ஆக்கிய நூல் 1914 இல் வெளிவந்தது. சிவனின் திருநடனம் பற்றிய அவரது கட்டுரை 1912 ஆம் ஆண்டிலே சித்தாந்த தீபிகையில் வெளியாகி, 1918 இல் நூலுருவும் பெற்று உலகெங்கும் பரவியது. ஒரு பொருளின் கருத்தை அறியாதவன் அதனை உலோகமாகவே காண்பான். உருக்கி விற்கவும் தயங்கான். கருத்தை அறிவித்தலும் ஒருவகைக் காவலே என்பதற்கு அக்கட்டுரை சான்று.

இதே காலத்திற் கொழும்பிலே சேர் பொன். இராமநாதன் அவர்கள், தம் தந்தையார் அமைத்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத்தை முழுவதும் கருங்கல்லால் எடுப்பித்துக் கொண்டிருந்தார். உறவினர் இருவருள் ஒருவர் பழையதைக் காக்கும் நெறியை ஆராய்ந்தார். மற்றவர் பழைய நெறியிலே புதியதைக் கட்டினார். இரண்டுக்கும் வேண்டியவன் ஒருவனே: மரபறிந்த சிற்பி.

மறுக்கப்பட்ட கொடை

பின்னர் ஆனந்தர் இந்தியா சென்று, இராசபுத்திர ஓவியங்கள் எவராலும் மதிக்கப்படாது கிடந்த காலத்திலே அவற்றைத் தேடித் திரட்டினார். 1910, 1911 ஆம் ஆண்டுகளில் அலகபாத்தில் நடைபெற்ற பெருங்கண்காட்சியிற் கலைப்பகுதியை அமைத்தார். காசி மாநகரிலே தேசியக் கலைக்கூடம் ஒன்று நிறுவப்படுமாயின் தம் சேகரம் முழுவதையும் அதற்கு அளிக்க முன்வந்தார். அக்கூடம் எழவில்லை. 1917 இல் அச்சேகரம் ஐக்கிய அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையை அடைந்தது. ஆனந்தரும் அங்கே இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளராகச் சென்றமர்ந்தார். அதன்பின் முப்பது ஆண்டுகள், தம் இறுதிக்காலம் வரை, அந்நகரே அவர் பணிக்களமாயிற்று.

சொந்த நாட்டிற் கலை வாழவேண்டும் என்று முழங்கியவர், கீழ்நாட்டுக் கலைப்பொருள்களை மேனாட்டுக் கூடத்திற் காத்தவராக வாழ்ந்தார். இம்முரண்பாட்டை அவர் அறியாதவரல்லர். நூதனசாலையிலுள்ள பொருள்கள் யாவும் ஒருகாலத்தில் வழிபாட்டுக்கோ வாழ்க்கைக்கோ பயன்படுமாறு ஆக்கப்பட்டவை. சுவரில் மாட்டி வியப்பதற்கென ஆக்கப்பட்டவை அல்ல என்று அவர் இடையறாது எழுதினார். வாழுமிடத்திற் காக்க முடியாதவற்றுக்கே நூதனசாலை புகலிடம் என்பதும், வாழும் மரபை வேரோடு பெயர்த்துக் கூடத்தில் வைத்தல் தகாது என்பதும் அவர் கொள்கை. ஆயினும், உரியவர் ஏற்றுப் பேணாத செல்வம் பிறர் நாட்டுக்குப் போய்ச் சேரும் என்னும் கசப்பான பாடத்தை அவர் வாழ்க்கையே நமக்குப் புகட்டுகின்றது.

காணாத நகரங்களைக் கண்டவர்

பொஸ்ரனில் அவர் செய்த ஆராய்ச்சிகளுள் ஒன்று கட்டடவியலார்க்கு அரிய விருந்து. 1930 ஆம் ஆண்டை அடுத்து அவர் எழுதிய பண்டை இந்தியக் கட்டடக் கலை பற்றிய கட்டுரைகள், மறைந்துபோன நகரங்களை மீட்டுக் காட்டின. பண்டை இந்தியாவின் நகர்களும் மாளிகைகளும் பெரும்பாலும் மரத்தாலானவை. அவை எரிந்தும் செல்லரித்தும் ஒழிந்தன. ஆயின் சாஞ்சி, பார்கூத், அமராவதி ஆகிய இடங்களின் கற்புடைப்புச் சித்திரங்களிலே அவற்றின் உருவங்கள் எஞ்சியிருந்தன. அவற்றைப் பழைய நூல்கள் கூறும் கட்டடச் சொற்களோடு ஒப்புநோக்கி, இது மதில், இது அகழி, இது கோபுரவாயில், இது மாளிகையின் மேனிலை, இது போதிமரத்தைச் சூழ்ந்த கூடம் என ஒவ்வோர் உறுப்பையும் இனங்கண்டு பெயர் சூட்டினார். அழிந்த கட்டடத்தையும் அறிவினால் இனங்காணலாம் என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு அரிது.

1947 ஆம் ஆண்டு எழுபதாம் வயது நிறைந்தபோது அன்பர்கள் விழா எடுத்தனர். ஓய்வு பெற்று இந்தியா திரும்பி, எஞ்சிய நாள்களைத் தவ வாழ்க்கையிற் கழிக்க அவர் எண்ணியிருந்தார். அவ்வெண்ணம் நிறைவேறவில்லை. அவ்வாண்டு செப்ரெம்பர் 9 ஆம் நாள் மசச்சூசெற்ஸ் மாநிலத்து நீடம் என்னும் ஊரில் அவர் உயிர் நீத்தார். இந்தியா சுதந்திரம் பெற்று ஒரு மாதமும் ஆகவில்லை. இலங்கை சுதந்திரம் பெற ஐந்து மாதங்களே இருந்தன. கொழும்பில் அவர் பெயர் தாங்கிய வீதியொன்று இன்று உளது.

மதிப்பீடு

பெரியாரைப் போற்றுதல் அவர் கூற்று அனைத்தையும் ஒப்புக்கொள்ளுதலன்று. பழைய சமுதாயத்தின் ஒழுங்கைக் கண்டு வியந்த ஆனந்தர், அவ்வொழுங்கினுள் அழுந்தியோரின் துயரைப் போதிய அளவு கணக்கில் எடுத்தாரில்லை எனக் கூறுவோர் உளர். அக்கூற்றிற் சாரமும் உண்டு. குலத்தளையையும் கட்டாய ஊழியத்தையும் மீட்டும் வேண்டுவார் இக்காலத்து எவருமிலர். கைவினைஞனுக்கு நிலமானியம் அளித்த அரசன் இல்லாத இடத்தில், அவனுக்கு மதிப்பும் ஊதியமும் அளிக்கும் பொறுப்புச் சங்கங்களையும், திருப்பணிச் சபைகளையும், கல்விக்கூடங்களையும் சார்ந்தது. குலம் பாராது விரும்பிய எவரும் சிற்பமும் தச்சும் பயில வழிசெய்தலே ஆனந்தரின் நோக்கை நம் காலத்துக்கு ஏற்ப நிறைவேற்றும் வழி.

அவர் விதைத்தவை முற்றிலும் வீண்போகவில்லை. 1940 ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆம் நாளை எல்லையாக வகுத்து, அதற்கு முற்பட்டவற்றைப் பழம்பொருளாக ஏற்றது. ஆனந்தர் பரிந்து பேசிய கண்டி நாட்டுப் பணிகள் அவ்வெல்லைக்குள் அடங்கின. அநுராதபுரம், பொலன்னறுவை, சிகிரியா ஆகியவை 1982 இலும், கண்டி நகரும் காலிக் கோட்டையும் 1988 இலும், தம்புள்ளைக் குகைக் கோயில் 1991 இலும் உலக மரபுரிமை இடங்களாக ஏற்கப்பெற்றன.

நமக்குரிய கடமை

இனி நம் வடபுலத்தை நோக்குவோம். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்தனர். பிற ஆலயங்கள் பலவும் அவ்வாறே அழிந்தன. ஆதலின் இன்று நாம் காணும் கோயில்களும், மடங்களும், நாற்சார் வீடுகளும், பாடசாலைகளும் பெரும்பாலும் பிற்காலத்தவை. மேற்கூறிய 1815 என்னும் எல்லைக்கு இப்பாற்பட்டவை மிகப் பல. எல்லைக்கு முற்பட்டதைச் சட்டம் தானே காக்கும். பிற்பட்டதை எவரேனும் கண்டு, ஆராய்ந்து, எடுத்துரைத்தாலன்றிச் சட்டத்தின் கண் அதன்மேற் படுதல் அரிது. அவ்வாறு எடுத்துரைக்கும் கடமை ஊரவர்க்கும் படித்தவர்க்கும் உரியது. போரின் கொடுமையால் இழந்தவை ஏராளம். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது; பின்னர் யாழ்ப்பாணக் கோட்டையும் எண்ணிறந்த வீடுகளும் சிதைந்தன. ஆயின் போர் விட்டுவைத்தவற்றை நாமே இடித்தல் எவ்வளவு பொருந்தும்?

ஊருக்கு அணியாய் நின்ற ஒரு நிலப்பரப்பை எண்ணிப் பாருங்கள். கோயில், அதன் வீதி, தீர்த்தக்கேணி, வழிப்போக்கர் தங்கும் மடம், தலைச்சுமை இறக்கும் சுமைதாங்கி, ஆவினம் உடல் உரசும் ஆவுரோஞ்சிக்கல், நிழல் தரும் ஆலும் மருதும் ஆகிய யாவும் ஒன்றோடொன்று இயைந்த ஓருடம்பு. கோயிலைப் பெரிதாக்கும் பொருட்டு மரத்தைத் தறித்து, வீதியை அகலமாக்கும் பொருட்டுச் சுமைதாங்கியைப் பெயர்த்து, கேணியைத் தூர்த்து விட்டால், எஞ்சுவது கட்டடமேயன்றி ஊரன்று. பருத்தித்துறையில் வீதியின் மேலேயே கூரையெழுப்பி நிற்கும் தெருமூடிமடம் போன்றவை, நீருக்கும் நிழலுக்கும் முன்னோர் கண்ட மதிப்பை நமக்கு எடுத்துரைக்கும் கல்லேடுகள்.

விழாக்காலமே பழைய கட்டடங்களுக்கு ஆபத்தான காலம். கும்பாபிஷேகம் வருகின்றது என்றாற் பொளிகல் மண்டபம் இடிபட்டுக் கொங்கிறீற்று மண்டபம் எழுகின்றது. பாடசாலைக்கு யூபிலி வருகின்றது என்றாற் பழைய ஓட்டு மண்டபம் இடிபட்டு மாடிக் கட்டடம் எழுகின்றது. பணம் அனுப்புவோர் பரந்த மனத்துடனேயே அனுப்புகின்றனர். அன்பினாலேயே அழிவும் நேர்கின்றது. 1905 இல் ஆனந்தர் கண்டியிற் கண்டது இதுவே. புதிய கட்டடம் வேண்டாம் என்பார் எவருமிலர். மாணவர் தொகை பெருகப் பெருக இடமும் பெருக வேண்டும். ஆயின் புதியதைப் பழையதன் அருகிலே எழுப்பலாம். அதன் பிணத்தின் மேல் எழுப்ப வேண்டியதில்லை.

ஆதலின் பழைய மாணவர் சங்கத்தினர் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. இடிப்பதற்குத் தீர்மானம் நிறைவேற்றுமுன், கட்டடத்தை அளந்து வரைந்து படம் பிடித்தல்; கட்டிய மேசன்மாரின் பெயரையும், கல் வந்த ஊரையும், மரம் வந்த காட்டையும், உதவிய குடும்பங்களையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைத்தல்; சுண்ணாம்புச் சாந்து குழைக்கவும், ஓடு மாற்றவும் அறிந்த தொழிலாளரைத் தேடி அவர்களிடம் இளைஞர் இருவர் மூவரையேனும் பயில விடுதல்; ஆண்டுதோறும் மாரிக்கு முன் கூரையைப் பார்வையிடுதல். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கண்ணும் காலும் பொறுமையும் போதும். பாறை தேடிப் புறப்பட்ட இளைஞர் ஒருவர், பணியாணை எதுவுமின்றி, மூன்றே ஆண்டுகளில் ஒரு நாட்டின் மரபு முழுவதையும் ஏட்டில் ஏற்றினார். ஊருக்கு நூறு பேர் கொண்ட சங்கம் ஒரு மண்டபத்தைக் காத்தல் அரிதாமோ?

அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தத்தக்க நன்றியும் அதுவே. ஓடு ஒன்று நழுவிய இடத்தில் மாரிக்கு முன் வேறோர் ஓட்டை வைப்பவனும் அவர் வழியிற் செல்பவனே ஆவான்.